கெமிக்கல் சூட்டுக்குள் இருபது நிமிடம்: தாங்காதது உடம்பா, உடுப்பா?

கேள்வி, 7 ஏப்ரல் 2024

சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் டாங்க் கிளீனிங் வேலை, அதாவது கப்பலின் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது. வந்து மூன்று வாரம் ஆகிறது. காட்டன் கவரால், அதன் மேல் பச்சை கலர் கெமிக்கல் சூட், பூட்ஸ், இரட்டைக் கையுறை, முழு முகமூடி. இருபது நிமிடத்தில் காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கூட இருக்கிற அண்ணன்மார் முக்கால் மணி நேரம் நிற்கிறார்கள். "வெயிலே பார்க்காதவனா நீ" என்று சிரிக்கிறார்கள். நான் கரூர் பரமத்திக்காரன். வானிலைச் செய்தியில் தினமும் எங்கள் ஊர்ப் பெயர்தான் வரும். அந்த வெயிலைத் தாங்கிய உடம்பு இதை ஏன் தாங்கவில்லை? பழகிவிடுமா?

பதில், 7 ஏப்ரல், இரவு

பழகிவிடும் தம்பி. புதிதாக வந்தவர்களுக்கும் நீண்ட லீவு முடிந்து வந்தவர்களுக்கும் குறைந்தது ஏழு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை ஏற்ற வேண்டும் என்று மனிதவள அமைச்சே சொல்லியிருக்கிறது. முதல் நாளே உன்னை டாங்க்கில் இறக்கியிருந்தால் தப்பு உன்னுடையது இல்லை. மணிக்கு 300 மில்லி தண்ணீராவது குடி.

8 ஏப்ரல், காலை, பஸ்ஸில்

நேற்று போட்ட பதிலில் பாதி தப்பு. தூக்கக் கலக்கத்தில் "சூட்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன். அவன் வெயிலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பரமத்தியில் 41 டிகிரி அடிக்கும்போது வியர்வை கண்ணுக்கே தெரியாது. வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் நிற்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை உடம்பிலிருந்து தூக்கிக்கொண்டு போகும். காய்ந்தால்தான். சொட்டிக் கீழே விழுந்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், சூடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். சிங்கப்பூரில் வருடச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல், வெறும் பனியனோடு நின்றாலே சரியாகக் காயாது. இதில் கெமிக்கல் சூட் வேறு. ரசாயனம் உள்ளே வரக்கூடாது என்று செய்த துணி, நீராவியையும் வெளியே விடாது. உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று சில நிமிடத்தில் ஆவியால் நிறைந்துவிடும். அதற்கப்புறம் வருகிற வியர்வை எல்லாம் பூட்ஸுக்குத்தான்.

"பழகிவிடும்" விஷயம். பத்து நாள் வெப்பத்தில் வேலை செய்த உடம்பு சீக்கிரமாக வியர்க்கவும் நிறைய வியர்க்கவும் கற்றுக்கொள்ளும், வியர்வையில் உப்பை மிச்சம் பிடிக்கும், ரத்தத்தில் நீர்ப்பகுதியைக் கூட்டிக்கொள்ளும். காட்டன் கவராலில் இதெல்லாம் வரம். மூடிய சூட்டில் நிறைய வியர்ப்பவன் நிறைய நனைவான், தண்ணீரைக் கூடுதலாக இழப்பான், பெரிய லாபம் கிடையாது. அதனால் "பழகிவிடும்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஏழு நாள் விதியை வாங்கவில்லை, அது வேண்டும்.

8 ஏப்ரல், மதியம்

"அப்படியானால் சீனியர்கள் மட்டும் எப்படி முக்கால் மணி நேரம்?" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் ஒன்பது வருடம் டாங்க்கில் நின்றவன், அப்புறம்தான் சேஃப்டி பக்கம் வந்தேன். தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காற்று ஊதும் புளோவர் குழாய் வந்து இறங்குகிற இடம் சீனியருக்கு. சுரண்டியை வைத்து நிதானமாக இழுப்பது சீனியர். வண்டலை வாளியில் அள்ளி, குனிந்து, விலா இரும்புகளுக்கு நடுவே நுழைந்து தூக்கிக்கொண்டு வருவது புது ஆள். உடம்புச் சூட்டில் பெரும்பங்கு உள்ளேயிருந்து, தசையிலிருந்து வருகிறது. செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாகும், மீதி சூடு. தம்பி, உன் கையில் இருப்பது சுரண்டியா, வாளியா? அதை முதலில் சொல்.

8 ஏப்ரல், இரவு

"வாளி அண்ணே" என்று பதில் வந்திருக்கிறது. நினைத்தேன்.

9 ஏப்ரல்

ஒரு கணக்கு. 70 கிலோ ஆள். கடினமான வேலையில் உடம்பு சுமார் 350 வாட் சூடு உண்டாக்குகிறது என்று வைப்போம். ஒரு பொட்டுச் சூடுகூட வெளியே போகவில்லை என்றால் உடம்பு ஒரு டிகிரி ஏற எவ்வளவு நேரம்? 70 × 4.2 = 294 கிலோஜூல். 350 வாட்டால் வகுத்தால் 14 நிமிடம். 37-இல் இறங்கியவன் 28 நிமிடத்தில் 39. தம்பியின் இருபது நிமிடம் பொய்யில்லை.

11 ஏப்ரல்

பாலிடெக்னிக் படித்த ஒருவர் பிடித்துவிட்டார். 4.2 என்பது வெறும் தண்ணீருக்கு. மனித உடம்புக்குச் சுமார் 3.5 போட வேண்டும். திருத்திய கணக்கு: 245 கிலோஜூல், 12 நிமிடம். திருத்தம் நமக்குச் சாதகமாக வரும் என்று பார்த்தால் இரண்டு நிமிடம் பறிபோனதுதான் மிச்சம்.

இன்னொருவர், "அப்படியானால் நாங்கள் எல்லாம் அரை மணி நேரத்தில் செத்திருக்க வேண்டுமே" என்கிறார். ஒரு பொட்டுச் சூடுகூடப் போகாவிட்டால் என்றுதானே எழுதினேன்? நிஜத்தில் மூச்சு வழியாக, கழுத்து இடுக்கு வழியாக, சூட் துணி வழியாகக் கொஞ்சம் போகிறது. நடுநடுவே நின்று மூச்சு வாங்குகிறீர்கள். எவ்வளவு போகிறது என்று எனக்கும் பார்க்க ஆசை.

14 ஏப்ரல், புத்தாண்டு

லிட்டில் இந்தியா, தேக்காவில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுக்கவும்.

நேற்று என்னையே எடை போட்டேன். சூட் மாட்டுவதற்கு முன் வெற்றுடம்பாக 71.2 கிலோ. டாங்க்கில் 45 நிமிடம், அளவான வேலை, நடுவில் தண்ணீர் இல்லை. வெளியே வந்து துடைத்துக்கொண்டு ஏறினால் 70.0. சூட், கவரால், பனியன், சாக்ஸ், பூட்ஸ், கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஊருக்குப் போகும்போது பெட்டி தூக்கிப் பார்ப்போமே, அந்தத் தொங்கு தராசில் முன்னும் பின்னும் மாட்டினேன். 5.6 கிலோ போனது, 6.5 கிலோவாக வந்தது.

1.2 கிலோ வியர்த்ததில் 900 கிராம் பையிலேயே இருந்தது. இடது பூட்ஸைக் கவிழ்த்தால் தேநீர்க் குவளையில் முக்கால் வரும் அளவுக்குக் கொட்டியது, வெதுவெதுப்பாக. கையுறை விரல்களைப் பால் கறப்பதுபோல் பிதுக்க வேண்டியிருந்தது. நாலில் மூன்று பங்கு வியர்வை எந்த உதவியும் செய்யவில்லை.

இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆள், ஒரு நாள், விமானப் பெட்டித் தராசு. முறையாகச் செய்ய சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் வெப்பத் தாங்குதிறனுக்கென்றே 2022-இல் ஒரு மையம் தொடங்கியிருக்கிறார்கள்.

17 ஏப்ரல்

"போர்டில் 30 என்று போட்டிருந்தது, 32 வந்தால்தானே ஓய்வு?" என்று ஒரு சூப்பர்வைசர் எழுதியிருக்கிறார். இந்த எண்ணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போர்டில் எழுதுவது சாதாரண வெப்பநிலை இல்லை, டபிள்யூபிஜிடி, அதாவது ஈரப்பதம், வெயில் எல்லாம் சேர்த்த வெப்ப அளவு. ஈரத் துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயில் வாங்கும் கருப்பு உருண்டைக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று கலந்த எண். 1950-களில் அமெரிக்க மரைன் படை, பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் ஆட்கள் சுருண்டு விழுவதைக் குறைக்கக் கண்டுபிடித்தது. இங்கே சிங்கப்பூரில் அக்டோபர் 2023 முதல் கப்பல் பட்டறை, பெரிய கட்டுமானத் தளம் மாதிரியான இடங்களில் மணிக்கொரு தடவை அளக்க வேண்டும். 32 தொட்டால் கடின வேலைக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, 33 தொட்டால் பதினைந்து.

நல்ல விதிதான். ஆனால் ஈரத்துணி வெப்பமானி காற்றில் தாராளமாகக் காய்கிறது, உங்கள் வியர்வை காய்வதில்லை. அதனால் அமெரிக்கத் தொழில்நலக் கையேடுகளில் உடுப்புக்கு ஏற்றபடி எண்ணைக் கூட்டச் சொல்வார்கள். சாதாரண வேலை உடை, காட்டன் கவரால்: 0. பெயிண்டர்கள் போடுகிற வெள்ளை டைவெக் மாதிரி உடை: 1. இரட்டை அடுக்குத் துணி: 3. ஆவி விடாத சூட்: 11.

பதினொன்று. எழுத்துப்பிழை இல்லை. போர்டில் 30 என்றால் பச்சை சூட்டுக்குள் 41.

18 ஏப்ரல்

மேலே எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. 11 கூட்டினாலும் அது தோராயம். உச்சி முதல் பாதம் வரை மூடிய சூட்டுக்கு போர்டு எண்ணையே நம்பாதே, ஆளை அளந்து பார் என்பதுதான் அந்தக் கையேடுகளின் பேச்சு. நாடித் துடிப்பு 180 கழித்தல் வயது என்ற அளவுக்கு மேல் சில நிமிடம் நிற்கக் கூடாது. தம்பிக்கு 24 வயது என்றால் 156. எனக்கு 44, அதனால் 136. முஸ்தஃபா கடையில் மலிவாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டால் போதும்.

19 ஏப்ரல்

வாட்ச் வேண்டாம். பேட்டரி வைத்த எதையும் எரிவாயு இருக்கக்கூடிய டாங்க்குக்குள் கொண்டுபோகக் கூடாது என்று தினம் காலை வேலைக்கு முன் நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கத்துகிறவன் நான். நானே இதை எழுதினேன் என்று என் ஃபோர்மேன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டு, கீழே கைதட்டுகிற பொம்மை மூன்று.

சரி. டாங்க்கின் வாயான மேன்ஹோலை விட்டு வெளியே வந்து ஒரு நிமிடம் கழித்து, மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் எண்ணுங்கள், இரண்டால் பெருக்குங்கள். 120-க்கு மேல் இருந்தால் உடம்பு இன்னும் இறங்கவில்லை, அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். இதற்குப் பேட்டரி வேண்டாம்.

24 ஏப்ரல்

தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று நான் உட்பட எல்லோரும் சொல்கிறோம். யாரும் குடிப்பதில்லை. ஏன் என்று இத்தனை வருடம் கேட்காமலே இருந்துவிட்டேன். நேற்று ஒரு பையன் சொன்னான்: கழிப்பறை டாக்கின் அந்தக் கோடியில். சூட்டைக் கழற்ற, கையுறை டேப்பைப் பிரிக்க, நடந்து போய் வர, மறுபடி மாட்ட அரை மணி நேரம். அந்த அரை மணிக்கு ஃபோர்மேன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் காலையிலிருந்தே குடிக்காமல் வருகிறானாம். பாதிப் பேர் இப்படித்தானாம்.

நடமாடும் கழிப்பறை ஒன்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

2 மே

இங்கே மூத்தவர் ஒருவர் சூடான டீதான் மருந்து என்று அடித்துச் சொல்கிறார். சூடாகக் குடித்தால் வியர்க்கும், வியர்த்தால் குளிரும் என்பது அவர் வாதம். சிரிக்காதீர்கள், அதில் உண்மை உண்டு. சூடான பானம் குடித்தால் வியர்வை கூடுவது நிஜம், அது முழுசாகக் காய்கிற இடத்தில் கணக்கு லாபமாகவே முடியும். பரமத்தி டீக்கடைத் திண்ணையில் அய்யா சொல்வது சரி. சூட்டுக்குள் பூட்ஸ்தான் நிரம்பும்.

எனக்குக் கண்கண்ட மருந்து காலையில் பழைய சோற்று நீராகாரம், உப்புப் போட்டு. டார்மிட்டரி கேட்டரிங்கில் அது எங்கே கிடைக்கும்? 100 பிளஸ் பானம் பரவாயில்லை, ஆனால் நாள் முழுக்க அதையே குடித்தால் சர்க்கரை ஏறும். அதற்காக ஐந்தாறு லிட்டர் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொள்ளவும் வேண்டாம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே மயக்கத்தில் தள்ளும். மோர் கிடைத்தால் எனக்கும் ஒரு டம்ளர்.

13 மே

போன வருடம் இதே நாள் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் 37 டிகிரி, 1983-இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். பத்திரிகையில் எல்லாம் வந்தது. எனக்கு மறக்காத நாள் அது இல்லை. 2016-இல் மேகம் மூடிய ஒரு சாயங்காலம், நாலு மணி. வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். நான் அப்போது சூப்பர்வைசர்.

இரட்டை அடித்தள டாங்க்கிலிருந்து ஒருவர் ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயது, எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுவோம். அதிர்ந்து பேச மாட்டார். அன்றைக்கு ஏறி வந்தவர் மேன்ஹோல் காவலில் இருந்த பையனிடம் டோக்கனை வாங்கவில்லை, கெட்ட வார்த்தையில் திட்டினார், அப்புறம் படிக்கட்டு இல்லாத பக்கமாக நடந்தார். நான் என்ன நினைத்தேன்? சண்டை என்று நினைத்தேன். "போய் அந்தக் கன்டெய்னர் நிழலில் உட்காருங்க, கோபம் ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்று அனுப்பினேன். தனியாக. இடுப்பு வரை சூட்டோடு.

பத்து நிமிடம் கழித்து ஒரு பங்களாதேஷ் பெயிண்டர் கத்தினார். ஓடிப்போனால் பெரியவர் சாய்ந்து கிடக்கிறார், கண் திறந்திருக்கிறது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் பார்வை வரவில்லை. கத்தியால் சூட்டைக் கிழித்தோம், டெக்கில் இருந்த ஹோஸைத் திறந்து உடம்பெல்லாம் தண்ணீர் அடித்தோம், கேன்டீனிலிருந்து ஐஸை வாளியோடு கொண்டுவந்து கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைத்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. அவர் பிழைத்தார். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம் ஊர்.

வியர்வை நின்று தோல் வறண்டால்தான் வெப்பத்தாக்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் தொப்பலாக நனைந்திருந்தார், அதனாலேயே எனக்குத் தோன்றவில்லை. வேலை செய்து விழுகிறவனுக்குப் பல சமயம் வியர்வை நிற்பதே இல்லை. மாறுவது பேச்சு. சாது திட்டுவான், வாயாடி ஊமையாவான், சட்டை பட்டன் போடத் தெரியாது. அப்படி ஒருவனைக் கண்டால் அவனைத் தனியாக விடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ ஒருவர் கூப்பிடட்டும், மற்றவர்கள் தண்ணீர் ஊற்ற ஆரம்பிக்கட்டும்.

பிறகு ஒரு தடவை போனில் மன்னிப்புக் கேட்டேன். "நான் திட்டினேனா தம்பி? யாரை?" என்று அவர்தான் என்னிடம் வருத்தப்பட்டார். அந்தச் சாயங்காலம் அவர் நினைவிலேயே இல்லை.

15 மே

மேலே உள்ளதற்கு இரக்கப்பட்டு எழுதியவர்களுக்கு: எனக்கு வேண்டாம். அந்த மேன்ஹோல் காவல் பையன், "அண்ணே, அவர் ஒரு மாதிரி இருக்கார்" என்று அன்றைக்கே என்னிடம் சொன்னான். அதை முந்தாநாள் எழுத மறந்துவிட்டேன். மறந்தேனா, விட்டேனா என்று தெரியவில்லை.

28 மே

ஐஸ் பொதி வைத்த சட்டை, அதுதான் ஐஸ் வெஸ்ட், பற்றிக் கேட்டிருந்தார்கள். பத்து வாங்கினோம். முதல் பிரச்சினை ஃப்ரீசர். கேன்டீன் ஃப்ரீசரில் மீனுக்கு நடுவில் வைத்தோம், ஒரு வாரம் எல்லோரும் கெளுத்தி வாசத்தோடு டாங்க்கில் இறங்கினார்கள். இரண்டாவது, ஒரு மணி நேரத்துக்குள் உருகிவிடும். அப்புறம் அது இரண்டு கிலோ சுமை, மேலே இன்னொரு போர்வை. குறுகிய வேலைக்கு நல்லது, உருகியதும் கழற்றுகிறவனுக்கு மட்டும்.

மணல் அடித்துத் துரு நீக்குகிற பிளாஸ்டிங் ஆட்களைப் பார்த்து எனக்கு எப்போதும் பொறாமை. அவர்கள் தலைக்கவசத்துக்கு கம்ப்ரஸர் காற்று வருகிறது, இடுப்பில் வோர்டெக்ஸ் குழாய். காற்றைச் சுழல விட்டு ஒரு முனையில் குளிர்ந்த காற்றும் மறுமுனையில் சூடான காற்றுமாகப் பிரிக்கும், உள்ளே ஓடுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ரான்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1930-களில் கண்டுபிடித்தது. சூடான முனை தொடையில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் தழும்பு இருக்கிறது.

செலவில்லாத வழி ஒன்று: வாளி. ஓய்வு நேரத்தில் முழங்கை வரை இரண்டு கையையும் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம். உடம்பு சூடாக இருக்கும்போது கைகளுக்கு ரத்தம் நிறைய ஓடும், அது குளிர்ந்து திரும்பும். ஆயுதப்படையிலும் கை முக்கும் தொட்டி உண்டு என்று தேசிய சேவையில் இருக்கிற மச்சான் மகன் சொன்னான். நாங்கள் கழுவிய இருபது லிட்டர் வாளிகளில் ஆரம்பித்தோம். முதல் நாள் யாரும் கை வைக்கவில்லை, பார்க்க விளையாட்டாக இருக்கிறது என்று. இப்போது வாளிக்கு வரிசை.

9 ஜூன்

தம்பி எழுதியிருக்கிறான். வாளி, சுரண்டி எல்லாம் ஆளுக்கு இருபது நிமிடம் என்று சுற்றி வருகிறதாம். சீனியர்களில் ஒருவர் இரண்டாவது நாளே தலை சுற்றுகிறது என்று வெளியே வந்துவிட்டாராம். சிரித்தாயா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றான்.

நடமாடும் கழிப்பறை வந்துவிட்டது. தப்பான டாக்கில்.

21 ஜூன்

போர்டு எண் பற்றிக் கடைசியாக ஒன்று. நம் அளவுக்கருவியின் முக்காலி ஆபீஸ் கூரைத் தாழ்வாரத்தில் நிற்பதை இத்தனை நாள் நான் பொருட்படுத்தவில்லை. மூன்று மாதமாக இங்கே உபதேசம் பண்ணியதில் வெட்கம் வந்து, போன திங்கள் டெக்குக்கு நகர்த்தினேன். தாழ்வாரத்தில் 31.4, டெக்கில் அதே நேரம் 33.1. பதினைந்து நிமிட ஓய்வு. ஃபோர்மேன் என்னோடு பேசுவதில்லை.

ஆனால் நேற்று நண்பகலில் டெக்கிலேயே 28 காட்டியது. உச்சி வெயில். பேட்டரியா, கருவி கெட்டதா என்று ஏறிப் போனால், கருப்பு உருண்டையின் மேல் யாரோ பனியனை அலசிக் காயப் போட்டிருக்கிறார்கள், ஒரு ஓரம் ஈரத்துணி வெப்பமானியையும் சேர்த்து மூடிக்கொண்டு. காற்றில் அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது.

யாருடையது என்று டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 95 செண்டி, கழுத்துப் பக்கம் நீல நூல் தையல். என் மேசையில் மடித்து வைத்திருக்கிறேன்.